லோ மெடிக்கல் கேட்டகரியில் ஒரு கடற்படை அதிகாரி

கடற்படையில் பிள்ளைகள் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் மும்பையில் நிறைய உண்டு. நான் கமாண்டராக ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும், செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலிலோ மாட்டுங்கா மார்க்கெட்டிலோ பார்த்தால் நின்று பேசுவார்கள். அப்படிப் பேசும்போது யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்: "தம்பி, பையனுக்கு லோ மெடிக்கல் போட்டுட்டாங்களாம். வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?"

பெரும்பாலும் அனுப்பமாட்டார்கள். லோ மெடிக்கல் கேட்டகரி என்றால், உடல்நிலை காரணமாகச் சில பணிகளுக்குக் கட்டுப்பாடு போட்ட மருத்துவத் தகுதி நிலை. என் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் நான் லோ மெடிக்கல் கேட்டகரியில்தான் இருந்தேன். பதவி உயர்வு வந்தது, மனசுக்கு நிறைவான வேலைகள் வந்தன, ஓய்வூதியமும் வருகிறது. ஆனால் கேடட்டாக இருந்தபோது நான் ஆசைப்பட்ட பணிவாழ்க்கை அது இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கோயில் வாசலில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்து, கடக்வாஸ்லாவில் என்.டி.ஏ. என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயிற்சி முடித்து, எக்ஸிகியூட்டிவ் பிரிவில் சேர்ந்தேன். கப்பலை ஓட்டுவதும், கடைசியில் ஒரு கப்பலுக்குத் தலைமை ஏற்பதும்தான் அந்தப் பிரிவில் சேரும் எல்லாருடைய கனவும். முதல் சில ஆண்டுகள் மும்பையில் இருக்கும் மேற்குக் கடற்படைக் கப்பல்களில் போயின. லெப்டினன்ட் கமாண்டர் ஆன சமயத்தில் இடுப்பில் வலி தொடங்கியது.

கப்பலில் முதுகுவலி இல்லாதவர்கள் குறைவு. கப்பலை இயக்கும் பிரிட்ஜில் வாட்ச் என்ற நான்கு மணி நேரப் பணி முறை முழுக்க நின்றபடி போகும். செங்குத்தான இரும்பு ஏணிகளில் நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அரபிக்கடலின் அலைக்கு உடம்பு தானாகவே விறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் என் வலி மற்றவர்களுடைய வலிக்கு நேர்மாறாக இருந்தது. அவர்களுக்குப் படுத்து ஓய்வெடுத்தால் குறையும். எனக்குப் படுத்தால்தான் கூடும். நள்ளிரவு வாட்ச் முடித்து அதிகாலை நான்கு மணிக்கு மேல் படுத்து எழுந்தால், குனிந்து ஷூ மாட்ட முடியாது. மேல்தளத்தில் அரை மணி நேரம் நடந்த பிறகுதான் உடம்பு இளகும்.

கொலாபாவில் கடற்படை மருத்துவமனையான அஸ்வினியில் ஒரு டாக்டர் இரண்டே கேள்விகள் கேட்டார். "விடியற்காலை ரெண்டு, மூணு மணிக்கு வலி உங்களை எழுப்புதா? எழுந்து நடந்தா குறையுதா?" இரண்டுக்கும் ஆமாம் என்றேன். இடுப்பெலும்பு முதுகெலும்போடு சேரும் மூட்டை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். வந்த பெயர் அன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சியை உண்டாக்கும் நோய். பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். பெயர் தெரியாமலே பல ஆண்டுகள் வலியோடு அலைபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் இருக்கலாம் என்பது ஒரு காரணம். அந்த ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றாலே நோய் இருக்கிறது என்றும் ஆகாது. அந்த மரபணு உள்ள பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. உங்கள் வீட்டில் இளம் வயதுக்காரர் யாருக்காவது மூன்று மாதத்துக்கு மேல் முதுகுவலி இருந்து, ஓய்வில் கூடி நடையில் குறைந்தால், மூட்டுவாத நிபுணரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சரி, கேட்டகரிக்கு வருவோம். கடற்படையில் முழு ஆரோக்கியம் என்றால் எஸ்1ஏ1. எஸ் கப்பல் பணியைக் குறிக்கும், ஏ கரைப் பணியை. எண் ஏற ஏறக் கட்டுப்பாடு கூடும். எஸ்5ஏ5 என்றால்தான் பணியிலிருந்து விடுவிப்பு. ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் குறியீடு வேறு, கணக்கு ஏறக்குறைய இதேதான். முதலில் தற்காலிகமாக, வழக்கமாக 24 வாரம் வரைக்கும் கேட்டகரி போடுவார்கள். அது முடிந்ததும் மெடிக்கல் போர்டு என்ற மருத்துவர் குழு மறுபடி பார்க்கும். குணமானால் மேலே ஏற்றுவார்கள், இல்லையென்றால் நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரம் என்று எழுதினாலும் அவ்வப்போது மறுபரிசீலனை நடக்கும்.

என்னிடம் கேட்கும் பெற்றோரிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "இது போகிற நோயா, கூடவே இருக்கிற நோயா? டாக்டர் என்ன சொன்னார்?" என்பதுதான். கால் எலும்பு முறிவு, குடலிறக்க அறுவை, மஞ்சள் காமாலை எல்லாம் போகிற வகை. சொன்ன ஓய்வை எடுத்து, பிசியோதெரபியை ஒழுங்காகச் செய்தால் பையன் திரும்ப எஸ்1ஏ1 ஆகிவிடுவான். கவலைப்படவே வேண்டாம். உடல் எடைக்காகக் கேட்டகரி இறங்கியவர்களுக்கும் வழி அவர்கள் கையிலேயே இருக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் நடுவில் நிற்பவை. என்னுடைய நோய் கூடவே இருக்கிற வகை. அந்த வகை என்றால், அடுத்த போர்டில் மேலே ஏற்றிவிடுவார்கள் என்று காத்திருந்தே வருஷங்களைக் கழிக்கக் கூடாது. நல்ல திறமைசாலிகள் இந்தக் காத்திருப்பில் தேய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். கரையில் கொடுத்த வேலையில் மனசு ஒட்டாது. படிப்பு எதையும் தொடங்கமாட்டார்கள். வீடு, பிள்ளைகளின் பள்ளி எதிலும் முடிவெடுக்கமாட்டார்கள். "கப்பலுக்குத் திரும்பினதும் பார்த்துக்கலாம்" என்பதே எல்லாவற்றுக்கும் பதிலாக இருக்கும்.

எனக்குக் கடைசியில் நிரந்தரமானது, கப்பல் பணி கூடாது, கரையில் சில கட்டுப்பாடுகளோடு வேலை செய்யலாம் என்ற கேட்டகரி. ஏன் கப்பல் கூடாது என்று அப்போது மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. காரணம் நியாயமானது. சிறிய போர்க்கப்பல்களில் டாக்டரே இருக்கமாட்டார், மெடிக்கல் அசிஸ்டென்ட்தான் இருப்பார். வாரக்கணக்கில் கடலில் இருக்கும்போது எனக்கு நோய் தீவிரமானால், திருப்பவேண்டியது ஒரு மனிதனை மட்டும் இல்லை, முழுக் கப்பலையும். தீ விபத்தோ வெள்ளமோ வந்தால் குறுகலான ஹேட்ச் வழியாக இன்னொருவரைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். அதை என்னால் செய்ய முடியாது என்று தெரிந்த பிறகு அந்த முடிவோடு எனக்குச் சண்டை இல்லை.

அதற்கான விலையையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஏ.வி. சிங் குழுவின் பரிந்துரைப்படி, அதிகாரிகள் 13 ஆண்டு பணியில் கமாண்டர் ஆகலாம். அதற்கு மேலே கேப்டன் பதவிக்குத் தேர்வுக் குழு உண்டு. எக்ஸிகியூட்டிவ் பிரிவில் கடலில் இருந்த காலமும் கப்பல் தலைமையும் அங்கே பெரிதாக எடைபோடப்படும். கடலுக்கே போக முடியாதவனுக்கு அந்த வாசல் மிகவும் குறுகிவிடும். என் பேட்ச்மேட்கள் ஒவ்வொருவராகக் கப்பல்களுக்குத் தலைமை ஏற்றபோது, பதவியேற்பு விழாக்களுக்கு நான் சாதாரண உடையில் விருந்தாளியாகப் போய் வந்தேன். வலித்தது. இன்றைக்கும் நினைத்தால் வலிக்கும். அந்த வலியை "எல்லாம் நன்மைக்கே" என்று மூடிவைக்க எனக்குச் சம்மதமில்லை. இழந்தது பெரிய இழப்புதான். அதை இழப்பு என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கையில் இருந்த வேலை என் கண்ணுக்குத் தெரிந்தது.

கையில் இருந்த வேலையும் சின்னதில்லை. 2008 நவம்பர் 26 தாக்குதலுக்கு வந்தவர்கள் கடல் வழியாக வந்தார்கள். ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, கடைசியில் ரப்பர் படகில் கரை இறங்கினார்கள். 2009 தொடக்கத்தில் அரசு கடலோரப் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பைக் கடற்படையிடம் கொடுத்தது. மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம், போர்ட் பிளேர் ஆகிய நான்கு இடங்களில் கூட்டு நடவடிக்கை மையங்கள் வந்தன. கடற்படை, கடலோரக் காவல்படை, மாநிலக் கடல் போலீஸ், சுங்கம், துறைமுகம், மீன்வளத் துறை எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் மும்பையில் கரைப் பணியில் இருந்த நான் இந்த வேலைக்குள் வந்தேன். இருபது மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு, இருக்கும் இடத்தைத் தானாகவே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி, மீனவர்களுக்கு அடையாள அட்டை, படகுகளுக்குப் பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. தூத்துக்குடியில் மீனவர்களோடு வளர்ந்தவன் என்பதால் வெர்சோவாவிலும் சசூன் டாக்கிலும் அவர்கள் சொல்லும் சிரமம் எனக்கு உடனே புரிந்தது. விடிய விடிய ஆபரேஷன்ஸ் அறையில் இருந்த நாட்களில், கப்பலில் இல்லை என்ற நினைப்பே பல சமயம் வரவில்லை.

இளைய அதிகாரிகளிடம் நான் சொல்வது இதுதான். கரைப் பணி கிடைத்ததும், கடல் அனுபவம் உள்ளவர் மட்டுமே நன்றாகச் செய்யக்கூடிய கரை வேலை எது என்று பாருங்கள். ஆபரேஷன்ஸ், பயிற்சி, கப்பல் போக்குவரத்துக் கண்காணிப்பு, டாக்யார்டில் ரீஃபிட் என்ற கப்பல் பழுதுபார்ப்பு வேலையின் ஒருங்கிணைப்பு என்று நிறைய இருக்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள். என்ன கொடுத்தாலும் சரி என்று பேசாமல் இருந்தால், யாருக்கும் வேண்டாத கோப்புதான் மேசைக்கு வரும்.

கண்ணுக்குத் தெரியாத நோய் என்றால் இன்னொரு சங்கடம் உண்டு. கையில் கட்டுப் போட்டவரை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். காலையில் விறைத்துப்போய், மதியம் சாதாரணமாக நடப்பவனைப் பார்த்தால், "கடலுக்குப் போகாமல் இருக்க நடிக்கிறான்" என்று அதிகாரிகள் கூடும் உணவறையான வார்ட்ரூமில் ஒருவராவது சொல்வார். நானும் கேட்டிருக்கிறேன். அதற்கு நான் கைக்கொண்ட வழி, புதிய இடத்தில் சேர்ந்த முதல் வாரமே மேலதிகாரியைத் தனியாகப் பார்த்து நேராகச் சொல்லிவிடுவது. "சார், பரேடில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க முடியாது. ஆபரேஷன்ஸ் அறையில் பன்னிரண்டு மணி நேரம் இருக்க முடியும், நடுநடுவே எழுந்து நடக்க விட்டால் போதும்." முடியாததைச் சொல்லும்போதே முடிந்ததையும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பொறுப்பில் போடலாம் என்பது அவருக்கு உடனே தெளிவாகும். ஆண்டு ரகசிய அறிக்கை எழுதும்போது, நோயைப் பற்றி அவர் ஊகிக்க வேண்டியிருக்காது, வேலையைப் பற்றி எழுதுவார்.

நோயை ஒளித்துவைத்து, வெளி மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டகரி இறங்கிவிடுமே என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தொடர்ந்து வலி மாத்திரை போட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். நடுக்கடலில் ரத்த வாந்தி எடுத்தால் அது தனி ஆள் விஷயமாக இருக்காது. இன்னொன்றும் உண்டு. கப்பலின் மருத்துவ அறையான சிக்பேயில் பதிவாகாத நோய் பின்னால் பணியோடு தொடர்புடையது என்று வாதாடும்போது, அந்த ஆண்டுகள் கணக்கிலேயே வராது.

வார்ட்ரூமில் நோயாளி அதிகாரிக்கு ஆறுதலாகச் சொல்லப்படும் பெயர் ஒன்று உண்டு: பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன். பதின்ம வயதில் சீஹார்ஸ் என்ற கப்பலில் கிழக்கே வந்து மதராஸ், கல்கத்தா, பம்பாய் எல்லாம் பார்த்தவர். 1776இல் மலேரியா என்று கருதப்படும் காய்ச்சலில் உயிர் போகும் நிலைக்கு வந்து, நோயாளியாக இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அப்போது வயது 17. பின்னாளில் 1794இல் வலது கண்ணின் பார்வை போனது. 1797இல் வலது கை போனது. கடலில் காற்று பலமாக அடித்தாலே தனக்கு உடம்பு முடியாமல் போகும் என்று 1804இல்கூடக் கடிதம் எழுதியிருக்கிறார். மறு வருடம்தான் டிரஃபால்கர் கடற்போர். "அவரே சமாளித்தார், நீ என்ன?" என்று இந்தக் கதையை முடிப்பார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் ஆலோசனையாக இது உதவாது என்பது என் கருத்து. அந்தக் காலத்தில் அதிகாரி உடம்பு தேறும்வரை அரைச் சம்பளத்தில் கரையில் இருந்துவிட்டுத் திரும்ப முடிந்தது. இன்றைய பணியில் வயதும் கடல் அனுபவமும் தேர்வுக் குழுவும் ஒரு கால அட்டவணையில் ஓடுகின்றன. நெல்சனிடம் எனக்குப் பிடித்தது வேறு. தன் நோய்களை அவர் மறைக்கவில்லை. மேலிடத்துக்கும் நண்பர்களுக்கும் எழுதிய கடிதங்களில் வெளிப்படையாகவே சொன்னார்.

இப்போது காகிதங்கள். இந்தப் பகுதியைத்தான் நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

கேட்டகரி போர்டின் நடவடிக்கைகள் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-15 என்ற படிவத்தில் பதிவாகும். பணியை விட்டு வெளியேறும்போது நடக்கும் போர்டுக்கு 16. ஒவ்வொரு போர்டு முடிந்ததும் பிரதி வாங்கி வையுங்கள். நிபுணரின் கருத்து, ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் தேதிவாரியாக ஒரே கோப்பில் இருக்கட்டும். அதோடு, நீங்களே எழுதிய ஒரு பட்டியலும் வேண்டும்: எந்தத் தேதியிலிருந்து எந்தக் கப்பல், அங்கே என்ன வேலை, எவ்வளவு காலம் கடலில், எப்போது முதன்முதலாக வலி என்று சிக்பேக்குப் போனீர்கள். இருபது வருடம் கழித்து இது நினைவில் நிற்காது. விபத்தில் காயம் என்றால், அப்போதே காய அறிக்கை எழுதப்பட்டதா என்று பாருங்கள். இதயநோய் என்றால், நோய் வருவதற்கு முந்தைய 14 நாள் பணி விவரத்தைப் போர்டு பார்க்கும். அதை யூனிட்டிலிருந்து அன்றைக்கே எழுதி வாங்குவது குடும்பத்தின் வேலையாகிவிடும், ஏனென்றால் அதிகாரி ஐ.சி.யூ.வில் இருப்பார்.

இதெல்லாம் எதற்கு என்றால், இயலாமை ஓய்வூதியம் ஒரு கேள்வியில் நிற்கிறது: இந்த நோய் பணியால் வந்ததா, அல்லது பணியால் தீவிரமானதா? இரண்டில் ஒன்றாவது ஏற்கப்பட்டு, இயலாமை 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். சேர்ந்தபோது மருத்துவப் பரிசோதனையில் குறிக்கப்படாத நோய் பின்னால் வந்தால், அது பணியின் விளைவு என்றே கருத வேண்டும், மறுப்பதென்றால் போர்டு காரணம் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்குத் தீர்ப்பு வந்த பிறகு, 50 சதவீதத்துக்குக் குறைவான இயலாமையை 50 ஆகக் கணக்கிடும் சலுகை, முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் கிடைத்தது. 2023 செப்டம்பரில் புதிய தகுதி விதிகள் வந்திருக்கின்றன. இப்போது வெளியேறுபவர்கள் அந்த விதிகளைத்தான் வரிவரியாகப் படிக்க வேண்டும். எனக்கு நடந்ததை அப்படியே உங்களுக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள், நான் ஓய்வு பெற்றது அதற்கு முன்னால்.

என் விஷயத்தில், கடல் பணியால் நோய் தீவிரமானது என்று போர்டு ஏற்றது. என் கோப்பில் முதல் சிக்பே பதிவிலிருந்து எல்லாம் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதே போன்ற நோயோடு வெளியேறிய நண்பர் ஒருவருக்கு மறுத்துவிட்டார்கள். அவர் மேல்முறையீடு செய்து, அதுவும் நிராகரிக்கப்பட்ட பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். மும்பையிலும் அதன் அமர்வு இருக்கிறது, ஊருக்குத் திரும்பியவர்களுக்குச் சென்னை அமர்வு. இறுதி உத்தரவு வந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். ஊருக்குச் சாமான் ஏற்றி, வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்குள் அந்த 6 மாதம் ஓடிவிடும் என்பதால், மறுப்புக் கடிதம் வந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

மருந்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் மாத்திரையும் உடற்பயிற்சியும் போதுமானதாக இருந்தன. பிறகு, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிக்கு மாற வேண்டியிருந்தது. இந்த ஊசி தொடங்குவதற்கு முன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து என்பதால், உள்ளே உறங்கும் காசநோய் எழுந்துவிடும் ஆபத்து உண்டு. நம் நாட்டில் இது மிகவும் முக்கியம். ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். தூத்துக்குடிக்கு ரயிலில் போகும்போது என் மனைவி அதைத் துணியில் சுற்றி, ஜெல் பேக் வைத்த பெட்டியில் எடுத்து வருவாள். ஐஸ் நேராகப் பட்டு மருந்து உறைந்துபோனால் தூக்கிப்போட வேண்டியதுதான் என்பதால் அந்தத் துணி அவசியம். இந்த நோயில் கண்ணும் திடீரென்று சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் பார்க்க முடியாது. கண் சொட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும். நான் அப்படிப் போனதால் பார்வைக்குப் பாதிப்பு இல்லாமல் தப்பித்தேன். புகை பிடிப்பவர்கள் விட்டுவிட வேண்டும். நீச்சல் நல்லது. தினமும் உடற்பயிற்சி செய்வது மருந்துக்குச் சமம் என்று டாக்டர்கள் சொல்வதை என் உடம்பே எனக்குக் காட்டியிருக்கிறது.

வீட்டில் யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது பலருக்குக் குழப்பம். நான் மனைவியிடம் முதல் நாளே எல்லாம் சொன்னேன். அம்மாவிடம் நோயின் பெயரை விட, வேலை போகாது என்பதை முதலில் சொன்னேன், அவருக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. நிபுணர் உள்ள மருத்துவமனை பக்கத்தில் வேண்டும் என்பதால் என் பணியிடங்கள் அதிகம் மும்பையிலேயே அமைந்தன. பிள்ளைகள் பள்ளி மாறாமல் படித்தார்கள். மனைவி ஆசிரியர் வேலையை விடாமல் தொடர்ந்தாள். கப்பல் அதிகாரிகளின் குடும்பங்களுக்கு எளிதில் கிடைக்காத ஒன்று இது.

இன்னும் நோய் எதுவும் இல்லாத இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. டெர்ம் இன்ஷூரன்ஸை எஸ்1ஏ1ஆக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். நிரந்தரக் கேட்டகரி வந்த பிறகு தனியார் காப்பீட்டில் பிரீமியம் ஏறும், அல்லது மறுத்துவிடுவார்கள். ஓய்வுக்குப் பின் மருத்துவத்துக்கு 2003இல் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. ஆனால் என்னைப் போல விலையுயர்ந்த ஊசி போடுபவர்கள், சீருடையைக் கழற்றுவதற்குச் சில மாதங்கள் முன்பே குடியேறப்போகும் ஊரில் உள்ள அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குப் போய், அந்த மருந்து அங்கே எப்படிக் கிடைக்கும், யார் எழுதித் தர வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு மாதம் மருந்து தடைப்பட்டாலும் உடம்பு பின்னோக்கிப் போகலாம்.

இரண்டாவது வேலைக்கு, பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் நடத்தும் மேலாண்மைப் படிப்புகள் இருக்கின்றன. ஓய்வுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வணிகக் கப்பலுக்குப் போகலாம் என்று பலர் நினைப்பார்கள். அங்கேயும் தனியாக மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு அது எளிதில்லை. ஆனால் மும்பையில் கடல் சார்ந்த கரை வேலைகள் நிறைய உண்டு. நவி மும்பையின் நவா சேவா துறைமுகம், அதைச் சுற்றிய சரக்கு நிறுவனங்கள், கடல்சார் காப்பீடு, கப்பல் நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவுகள் என்று கேட்டுப் பார்க்கலாம். நேர்காணலில் என் நோயை நானாகவே சொன்னேன். கமாண்டிங் ஆபீசர்களிடம் சொன்ன அதே விதத்தில்தான்: தொடர்ந்து இரண்டு மணி நேரம் உட்கார முடியாது, உயரம் கூட்டிக் குறைக்கும் மேசை வேண்டும், மாதத்தில் ஒரு நாள் காலை மருத்துவமனைக்குப் போக வேண்டும், மற்றபடி கப்பல் வரும் இரவுகளில் விழித்திருக்க எனக்குப் பழக்கம் உண்டு. எதிரில் இருந்தவர் மேசையின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் வேலையில் சேர்ந்தேன்.